நிலம் தந்த தெய்வங்கள்: கிள்ளான் பள்ளத்தாக்கின் காவல் மரபு

தமிழர் தம் தெய்வங்களை நிலத்தோடு சேர்த்தே கண்டவர்கள். முல்லைக்கு மாயோன், குறிஞ்சிக்குச் சேயோன், மருதத்திற்கு வேந்தன், நெய்தலுக்கு வருணன் எனத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. பாலைக்குக் கொற்றவையை உரியவளாக்கியது பின்வந்த மரபு. வகுப்பறையில் இப்பகுதி பெரும்பாலும் மனப்பாடத்திற்குரியதாகவே நின்றுவிடுகின்றது. தமிழர் கடல் கடந்து வேற்று மண்ணில் குடியேறியபோது இவ்வுறவு என்னவாயிற்று என்று வினவினால், பழைய பாடம் புதிய வரலாறாக விரியும்.

இவ்வுறவு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவின் பண்டை மக்களாகிய கெல்ட்டியர், செயின் ஆற்றின் ஊற்றுக்கண்ணில் செக்குவானா என்னும் நீர்த்தெய்வத்தை வழிபட்டனர். ஆர்தென் காட்டிற்கு ஆர்துயின்னா தெய்வமானாள். இங்கிலாந்தின் பாத் நகரில் உள்ள வெந்நீர் ஊற்றுக்குச் சூலிஸ் உரியவள். உரோமர் அவளைத் தம் மினர்வாவோடு இணைத்து வழிபட்டனர். தமக்குத் தீங்கிழைத்தவரைத் தண்டிக்குமாறு ஈயத் தகட்டில் முறையீடு எழுதி அவ்வூற்றில் இட்டனர் மக்கள். அத்தகைய தகடுகள் ஏறத்தாழ 130 கிடைத்துள்ளன. விருத்தாசலத்தை அடுத்த கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டும் வழக்கத்தை அறிந்த தமிழர்க்கு இது வியப்பளிக்காது. கெல்ட்டியர் தம் சமயத்தைப் பற்றி நூல்கள் எழுதி வைக்கவில்லை. கல்வெட்டு, காணிக்கை, இடப்பெயர் ஆகியவற்றைக் கொண்டே ஆய்வாளர் அதனை மீட்டெடுத்தனர். கிள்ளான் பள்ளத்தாக்கின் தெய்வ வரலாற்றையும் இத்தகைய சான்றுகளைக் கொண்டே எழுத வேண்டியுள்ளது.

தோட்டமும் தெய்வமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தமிழ்த் தொழிலாளர் சிலாங்கூரின் தோட்டங்களுக்கும் இருப்புப்பாதைப் பணிக்கும் வந்து சேர்ந்தனர். 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரைக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. செங்கற் சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊழியர் வாழும் பகுதியாக வளர்ந்தது. காட்டை அழித்துக் கன்று நட்ட இடங்களிலெல்லாம் முதலில் ஒரு சூலமோ கல்லோ மரத்தடியில் நடப்பட்டது. கோயில் பின்னரே எழுந்தது.

எத்தெய்வங்கள் இங்கு வேரூன்றின என்பது ஆராயத்தக்கது. தமிழகத்தில் ஐயனார் ஊர் ஏரிக்கரையைக் காப்பவர். குயவர் வனைந்த மண்குதிரைகள் அவர் திருமுன் நிற்கும். தோட்டத்தில் ஊர் ஏரியும் இல்லை. குதிரை வனையும் குயவரும் இல்லை. ஆகவே குதிரைகள் சூழ்ந்த ஐயனார் கோயில் இங்கு அரிதாயிற்று. காட்டின் விளிம்பில் தனித்து நிற்கவல்ல முனியாண்டியோ எங்கும் பரவினார். இருள் விலகுமுன் பால் வெட்டச் செல்வோர்க்குப் பாம்பும் புலியும் உலவும் நிரைகளில் துணை வேண்டியிருந்தது. அத்துணையாக முனியாண்டியும் மதுரை வீரனும் சங்கிலிக் கருப்பனும் நின்றனர்.

மாரியம்மன் வரலாறும் இத்தகையதே. வானம் பார்த்த பூமியில் அவள் மழை தருபவள், அம்மை தீர்ப்பவள். ஆண்டு முழுவதும் மழை பொழியும் மலாயாவில் மழை வேண்டும் தேவை குறைந்தது; நோய்க்கு அஞ்சும் அச்சமோ பெருகியது. 1901-இல் திறக்கப்பட்ட சுவெட்டன்காம் துறைமுகத்தில் சில வாரங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் கடுமையாகப் பரவியது. மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களின் நீரை வடித்துக் கிள்ளானில் அந்நோயை அடக்கினார். அந்நாளில் தோட்டத்தார் நாடிய தாய் மாரியம்மனே. நிலம் மாறியது, தெய்வத்தின் பெயர் மாறவில்லை, அவளிடம் வைக்கும் வேண்டுதல் மாறியது.

குன்றும் சேயோனும்

நிலம் தெய்வத்தை அழைத்தமைக்குப் பத்துமலையே தலையாய சான்று. தெமுவான் பழங்குடியினர்க்கு முன்பே பழக்கமான இச்சுண்ணாம்புக் குகைகளில், 1860-களில் சீனர் வௌவால் எச்சத்தை உரத்திற்காக அகழ்ந்தனர். 1878-இல் அமெரிக்க இயற்கை ஆய்வாளர் வில்லியம் ஆர்னடே இவற்றை வெளியுலகிற்கு அறிமுகப்படுத்தினார். 1873-இல் கோலாலம்பூர் மகாமாரியம்மன் ஆலயத்தை நிறுவிய கா. தம்புசாமிப் பிள்ளை, குகைவாயிலில் வேலின் வடிவைக் கண்டு முருகனுக்கு அங்கே இடம் அமைத்தார் என்பர். 1892 முதல் அங்குத் தைப்பூசம் நடைபெற்று வருகின்றது. 1920-இல் மரப்படிகள் அமைந்தன. இன்று 272 படிகள் உள்ளன. 2006-இல் 42.7 மீட்டர் உயரமுள்ள திருவுருவம் எழுந்தது.

‘பத்து’ என்பது மலாயில் கல்லைக் குறிக்கும். அருகே ஓடும் பத்து ஆற்றின் பெயரே மலைக்கு வழங்கலாயிற்று. தமிழரோ அதனைப் பத்தாவது மலை எனவும் விளக்கினர். சொல்லாராய்ச்சியில் அது பிழையே. ஆயினும் அயற்பெயரைத் தன்பெயராக்கி, குறிஞ்சிக் கிழவனை அயல்நாட்டுக் குன்றில் குடியேற்றிய உள்ளத்தை அது காட்டுகின்றது. ஆண்டுதோறும் நகரத்து ஆலயத்திலிருந்து வெள்ளிரதம் குன்றை நோக்கிச் செல்லும்போது ஊரும் மலையும் ஓர் உறவில் இணைகின்றன.

நிலத்திற்குக் காவலுண்டு என்னும் நம்பிக்கை சீனரிடமும் காணப்படுகின்றது. சாலையோரச் செந்நிற மாடங்களில் அவர்கள் வழிபடும் டத்தோ கோங் இம்மண்ணின் காவலரே. மலாய் மூதாதையாகக் கருதப்படும் அவருக்குப் பன்றி இறைச்சி படைப்பதில்லை. அவருக்கு வெற்றிலையும் சுருட்டும் வைப்பதைக் காணும் தமிழர்க்கு முனியாண்டியின் நினைவு வாராதிராது.

பெயர்ந்த கோயில்கள்

கோயில் இடம்பெயர்வது புதிதன்று. மகாமாரியம்மன் ஆலயமே 1885-இல் இரயில் நிலையப் பகுதியை விட்டு இன்றைய இடத்திற்கு வந்தது. ஆனால் தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது ஏற்பட்ட இழப்பு வேறு வகையானது. துரைமார் வாய்மொழியாக அளித்த இசைவில் எழுந்த கோயில்களுக்கு நிலப்பட்டா இல்லை. மக்கள் சிதறினர்; காவல் தெய்வம் காக்க ஊரின்றி நின்றது. 2007 அக்டோபர் 30-ஆம் நாள் ஷா ஆலம் அருகே பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டபோது எழுந்த துயரம் நாடறிந்தது. பட்டா நிலத்திற்கு உண்டு. நினைவுக்குப் பட்டா எங்கே?

இன்னொரு மாற்றம் அரவமின்றி நிகழ்ந்து வருகின்றது. ஆகம முறைப்படி குடமுழுக்குக் கண்ட கோயில்களில் கிடாவெட்டு நின்றது; முனியாண்டி முனீசுவரராகிச் சிவவடிவம் பெற்றார். சிங்கப்பூரில் இவ்வழிபாட்டை ஆராய்ந்து வினீதா சின்கா 2005-இல் நூலொன்று வெளியிட்டார். சூலிஸ் மினர்வாவோடு இணைந்தது போன்றதே இதுவும். இதனைச் சிறுமை எனத் தள்ளுவதும் உயர்வு எனப் போற்றுவதும் ஆய்வாகா. மாறுமுன் இருந்ததைப் பதிவு செய்வதே முதற்கடமை.

அப்பதிவுக்குப் பெருநூலகம் தேவையில்லை. மாணவர் தம் பாட்டியிடம், தோட்டத்தில் முதற்கல் எந்த மரத்தடியில் நடப்பட்டது, எதைக் காக்க நடப்பட்டது, ஆண்டுத் திருவிழாவில் எந்த எல்லைவரை தெய்வம் வலம் வந்தது என மூன்று வினாக்கள் கேட்டு எழுதினால் போதும். ஆசிரியர் அவற்றைத் தொகுத்து, பழைய தோட்டப் படத்தோடு ஒப்பிட்டால், அழிந்த தோட்டத்தின் எல்லை மீண்டும் தெரியும். கெல்ட்டியரின் தெய்வங்களை அறியக் கல்லையும் ஈயத்தையும் தோண்ட வேண்டியிருந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கிலோ சொல்லத் தெரிந்தவர் இன்னும் வாழ்கின்றனர். அவர்தம் வாய்மொழி மறையுமுன் கேட்டு எழுதுவதே திணைப் பாடத்தை உயிர்ப்பாடமாக்கும் வழி.