பியூரிட்டன்களும் கிறிஸ்துமஸ் தடையும்

கிறிஸ்துமஸ் கொண்டாடுவதைக் கிறிஸ்தவர்களே தடை செய்த காலம் ஒன்று உண்டு. 1647 ஜூன் மாதத்தில் இங்கிலாந்து நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பெந்தெகொஸ்தே ஆகிய திருநாள்களை ஒழித்து ஆணை பிறப்பித்தது. அட்லாண்டிக்கின் மறுகரையில், மாசசூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றம் 1659-இல் கிறிஸ்துமஸ் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்தது. இரண்டிற்கும் பின்னால் இருந்தவர்கள் பியூரிட்டன்கள் எனப்பட்ட தூய்மைவாதப் புராட்டஸ்டண்டுகள்.

வேதாகமம் கட்டளையிடாத எதுவும் வழிபாட்டில் இடம்பெறக் கூடாது என்பது அவர்களின் முதல் வாதம். இயேசு பிறந்த தேதியை நற்செய்தி நூல்கள் கூறவில்லை. அந்நாளைக் கொண்டாடும்படி கேட்கவும் இல்லை. இரண்டாவது வாதம் விழாவின் பிறப்பைப் பற்றியது. ரோமர்களின் சாட்டர்னாலியா விழா டிசம்பர் 17-இல் தொடங்கிச் சில நாள்கள் நடக்கும். விருந்து, சூதாட்டம், பரிசுப் பரிமாற்றம், அடிமைக்கு எஜமான் பரிமாறும் வேடிக்கை எல்லாம் அதில் உண்டு. கிறிஸ்துமஸை அவ்விழாவோடு இணைத்து வில்லியம் பிரின் 1633-இல் கண்டித்தார். பாஸ்டன் போதகர் இன்கிரீஸ் மேதர் 1687-இல் அதையே வலியுறுத்தினார்.

தேதியைப் பொறுத்தவரை இந்த வாதம் அவர்கள் நம்பிய அளவுக்கு வலுவானதன்று. சாட்டர்னாலியா 25-ஆம் தேதிக்கு முன்பே முடிந்துவிடும். டிசம்பர் 25-ஐ இயேசு பிறந்த நாளாகத் தெளிவாகக் குறிக்கும் பழைய சான்று, 354-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு ரோமானியத் தொகுப்பு. வெல்லப்படாத சூரியக் கடவுளின் விழாவும் அதே தேதியில் அதே தொகுப்பில்தான் காணப்படுகிறது. எனவே யார் யாரிடமிருந்து எடுத்தனர் என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. மரியாள் மார்ச் 25-இல் கருவுற்றதாகக் கொண்டு ஒன்பது மாதம் கூட்டிக் கணக்கிட்டனர் என்பாரும் உளர்.

பழக்கங்களைப் பொறுத்தவரையில் மேதர் பக்கம் நியாயம் கூடுதல். பழைய விழாக்களை மாற்றி ஏற்றுக்கொள்வதைத் திருச்சபை மறைக்கவும் இல்லை. ஆங்கிலேயரின் பழைய கோயில்களை இடிக்காமல் சிலைகளை மட்டும் அகற்றுங்கள், பலியிட்ட மாடுகளைத் திருச்சபைத் திருநாள்களில் விருந்தாக்கட்டும் என்று திருத்தந்தை முதலாம் கிரகோரி 601-இல் எழுதினார். பியூரிட்டன்களின் கண்ணில் இது சமரசம்.

ஆனால் கூலியாளுக்கும் வேலை பழகும் சிறுவனுக்கும் கிறிஸ்துமஸ் என்றால் ஓய்வு. இது நாடாளுமன்றத்துக்கும் தெரிந்திருந்தது. இழந்த விடுமுறைக்கு ஈடாக மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையை அது ஒதுக்கியது. செவ்வாயின் ஆங்கிலப் பெயரே டீவ் என்னும் பழைய ஜெர்மானியக் கடவுளுடையது என்பது யாரையும் உறுத்தியதாகத் தெரியவில்லை. மக்கள் இந்த ஈட்டில் சமாதானமாகவில்லை. 1647 டிசம்பர் 25 அன்று கேன்டர்பரியில் கடைகளைத் திறக்கும்படி மேயர் உத்தரவிட்டார். திறந்த கடைகளைக் கூட்டம் சூறையாடியது. தெருக்களில் கால்பந்து உருண்டது. கலகக்காரர்களைத் தண்டிக்க ஜூரிகள் மறுத்ததைத் தொடர்ந்து, 1648-இல் கென்ட் மாவட்டமே அரசருக்காகக் கிளர்ந்தது. 1660-இல் முடியாட்சி திரும்பியபோது கிறிஸ்துமஸும் திரும்பியது.

அமெரிக்காவில் இச்சிக்கல் முன்பே தொடங்கியிருந்தது. 1621 கிறிஸ்துமஸ் நாளில் பிளிமத் குடியேற்றத்திற்குப் புதிதாக வந்த சிலர், அன்று வேலை செய்ய மனசாட்சி இடம்தரவில்லை என்றனர். ஆளுநர் வில்லியம் பிராட்போர்ட் அவர்களை விட்டுவிட்டார். நண்பகலில் அவர்கள் தெருவில் பந்து விளையாடுவதைக் கண்டதும் விளையாட்டுப் பொருள்களைப் பறித்தார். மற்றவர்கள் உழைக்கும்போது இவர்கள் விளையாடுவது தம் மனசாட்சிக்கு ஒவ்வாது என்றார். பக்தி என்றால் வீட்டுக்குள் இருக்கட்டும் என்பது அவர் தீர்ப்பு. 1659-ஆம் ஆண்டுச் சட்டமும் இதே போக்கினது. அது ரோமக் கடவுள்களைப் பெயர் சொல்லிக் கண்டிக்கவில்லை. வேலையை விட்டிருத்தல், விருந்துண்ணல் ஆகியவற்றையே குற்றமாக்கியது.

லண்டனின் நெருக்கடியால் அச்சட்டம் 1681-இல் நீக்கப்பட்டது. பழக்கம் நீங்கவில்லை. 1685 டிசம்பர் 25 அன்று வண்டிகள் நகருக்கு வந்ததையும் கடைகள் வழக்கம்போல் திறந்திருந்ததையும் பாஸ்டன் வணிகர் சாமுவேல் சூவால் நாட்குறிப்பில் பதிந்தார். அமெரிக்க மத்திய அரசு கிறிஸ்துமஸை விடுமுறையாக அறிவித்தது 1870-இல்தான்.