தகுதியும் அடையாளமும்: பிரிட்டனில் மாற்றியமைக்கப்பட்ட பழங்கார்களைச் சட்டம் ஏற்ற முறை (1960–2025)

பழைய காரொன்றில் வேறு எஞ்சினைப் பொருத்தியோ, பிரேக்கை மாற்றியோ, சேசிஸை வெட்டி ஒட்டியோ சாலைக்குக் கொண்டுவருபவரிடம் அரசு இரண்டு கேள்விகளைக் கேட்க முடியும். இந்தக் கார் ஓட்டுவதற்குப் பாதுகாப்பானதா என்பது ஒன்று. பதிவுப் புத்தகத்தில் குறிக்கப்பட்டிருக்கும் கார்தான் இதுவா என்பது மற்றொன்று. முதற்கேள்வி தகுதியைப் பற்றியது, இரண்டாவது அடையாளத்தைப் பற்றியது. பிரிட்டனில் 1960இல் தொடங்கிய சோதனை முறை முதற்கேள்வியை மட்டுமே கேட்டது என்பதும், அதன்பின் வந்த அறுபத்தைந்து ஆண்டுகளில் பழங்கார்களைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்வி சிறிது சிறிதாக முதலாவதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதும் இக்கட்டுரையின் வாதம். வட அயர்லாந்தின் சோதனை முறை தனியானதாகையால், இங்கே பேசப்படுவது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றுக்கு உரியது.

1903ஆம் ஆண்டின் மோட்டார் கார் சட்டம் 1904 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு காரும் பதிவெண் தாங்க வேண்டும் என்று விதித்ததேயன்றி, அந்தக் காரை எவரும் குறித்த கால இடைவெளியில் பரிசோதிக்க வேண்டும் என்று விதிக்கவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் இந்நிலை நீடித்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அந்நியச் செலாவணியை ஈட்டுவதற்காகப் புதுக் கார்களில் பெரும்பகுதி ஏற்றுமதிக்கு ஒதுக்கப்பட்டதால், உள்நாட்டில் 1930களின் கார்கள் தேய்ந்த பிரேக்கோடும் தளர்ந்த ஸ்டியரிங்கோடும் ஓடிக்கொண்டிருந்தன. 1956ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கட்டாயச் சோதனைக்கு அதிகாரம் வழங்கியது. எம்1 நெடுஞ்சாலையின் முதற்பகுதி 1959 நவம்பரில் திறக்கப்பட்டபின், வேகத்தைத் தாங்காத பழைய வண்டிகளைப் பற்றிய கவலை மேலும் கூடியது. போக்குவரத்து அமைச்சர் எர்னஸ்ட் மார்ப்பிள்ஸின் காலத்தில், 1960 செப்டம்பர் 12 அன்று, பத்தாண்டு கடந்த கார்களுக்கான சோதனை நடைமுறைக்கு வந்தது. போக்குவரத்து அமைச்சகத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் அது எம்.ஓ.டி. எனப்பட்டது, அமைச்சகத்தின் பெயர் பலமுறை மாறிவிட்டபோதும் சோதனையின் பெயர் மாறவில்லை. தமிழ்நாட்டில் எஃப்.சி. என்ற இரண்டு எழுத்துகள் தகுதிச் சான்றையும், அதற்காக வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தும் அந்த நாளையும் சேர்த்தே குறிப்பதுபோல, பிரிட்டனின் அன்றாடப் பேச்சில் எம்.ஓ.டி. என்ற சொல் வழங்குகிறது.

தொடக்கச் சோதனை பிரேக், விளக்கு, ஸ்டியரிங் ஆகிய மூன்றை மட்டுமே பார்த்தது. தேறாத வண்டிகள் எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இருந்தமையால், பத்தாண்டு என்ற வரம்பு 1961ஆம் ஆண்டின் இறுதிக்குள் ஏழாகவும், 1967இல் மூன்றாகவும் குறைக்கப்பட்டது. டயர் 1968இல் சேர்ந்தது. 1977இல் கண்ணாடித் துடைப்பான், திசைகாட்டி விளக்கு, ஹாரன், புகைபோக்கி, உடற்கூட்டின் உறுதி ஆகியவை சேர்ந்தன. 1991இல் பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை வந்தது. பட்டியல் இவ்வாறு நீண்டபோதெல்லாம் பழங்கார்கள் நெருக்கடிக்கு உள்ளாகாமல் காத்தது, ஒரு வண்டியை அது முதன்முதல் சாலைக்கு வந்த காலத்தின் விதியால்தான் அளக்க வேண்டும் என்ற கொள்கையாகும். 1965க்கு முற்பட்ட காரில் இருக்கைப் பட்டை இல்லாதது குற்றமன்று. 1975 ஆகஸ்டுக்கு முன் பயன்பாட்டுக்கு வந்த பெட்ரோல் காரின் புகையைக் கருவியால் அளக்காமல் கண்ணால் பார்த்தே சோதனையாளர் முடிவு செய்கிறார்.

இக்கொள்கை எஞ்சின் மாற்றப்பட்ட காரைத் தொடும்போதுதான் சிக்கல் வெளிப்படுகிறது. 1960களின் உடற்கூட்டில் 1980களின் எஞ்சின் இருந்தால் எந்தக் காலத்தின் விதி பொருந்தும் என்ற கேள்விக்கு, பழங்கார்களின் வகையில் சோதனைக் கையேடு தந்த விடை, உடற்கூடு, எஞ்சின் இரண்டில் எது பழையதோ அதன் விதி என்பதாகும். இந்த விடையில் தாராளம் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, எம்.ஓ.டி. சோதனையாளர் மாற்றத்தைக் குறையாகக் கருதவில்லை என்பதும் இதில் தெரிகிறது. பொருத்தியது உறுதியாக இருக்கிறதா, துருப்பிடித்திருக்கிறதா, கசிகிறதா என்பவையே அவருடைய கவலை. அந்த எஞ்சின் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டதா என்று கேட்கும் பொறுப்பு அவருக்கு அளிக்கப்படவில்லை.

அந்தப் பொறுப்பு வேறொரு வழியாகச் சட்டத்துக்குள் வந்தது. அதன் தொடக்கம் பாதுகாப்பில் அன்று, வரியில் இருந்தது. முழுமையாகக் கட்டப்பட்ட புதுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு, உதிரிகளாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொள்ளும் காருக்கு இல்லை என்றிருந்த காலத்தில், பழைய ஆஸ்டின், ஃபோர்டு கார்களின் சேசிஸ்மீது புதுக்கூடு ஏற்றிய வண்டிகளும் லோட்டஸ் செவன் போன்ற உதிரித் தொகுப்புக் கார்களும் பெருகின. தொகுப்போடு பூட்டும் குறிப்புகளைத் தந்தால் வரி விழும் என்பதால், கழற்றும் குறிப்புகளைத் தந்து தலைகீழாகப் படித்துக்கொள்ளுமாறு விட்டார்கள் என்று லோட்டஸைப் பற்றி இன்றும் சொல்லப்படுவதுண்டு. 1973 ஏப்ரலில் மதிப்புக் கூட்டு வரி வந்து அந்தச் சலுகை மறைந்தபோதும், வீட்டுக் கொட்டகையில் கார் கட்டும் பழக்கம் மறையவில்லை. ஒரு மாதிரியைச் சோதித்து அதேபோன்ற ஆயிரக்கணக்கான வண்டிகளுக்கு ஒப்புதல் தருவது வகை ஏற்பு எனப்படும். பெருந்தொழிற்சாலைக்கு வகுக்கப்பட்ட அம்முறை ஒற்றை வண்டிக்குப் பொருந்தாது. எனவே ஒவ்வொரு வண்டியாகப் பார்த்து ஒப்புதல் தரும் தனிவண்டி ஏற்பு 1998இல் தொடங்கி, 2009இல் எஸ்.வி.ஏ. என்ற பழைய பெயரிலிருந்து ஐ.வி.ஏ. என்ற கடுமையான வடிவத்துக்கு மாறியது.

எம்.ஓ.டி. சோதனைக்கும் ஐ.வி.ஏ.வுக்கும் உள்ள தொலைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஐ.வி.ஏ. ஆய்வாளர் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள பந்தைக் காரின் வெளிப்புறத்தில் உருட்டிப் பார்க்கிறார்; அந்தப் பந்து தொடும் விளிம்பு ஒவ்வொன்றும் 2.5 மில்லிமீட்டருக்குக் குறையாத ஆரத்தோடு மழுங்கியிருக்க வேண்டும். நடந்துபோகிறவர்மீது கார் மோதினால் வெட்டுக்காயம் குறைவாக இருக்கட்டும் என்பதே இதன் நோக்கம். நவீனக் காருக்கு இது எளிது. தனித்து நிற்கும் முகப்பு விளக்கும், வெளியே நீட்டிய மட்கார்டும், ஆணி அடித்த பிடிப்புகளும் கொண்ட பழங்காருக்கு இது ஏறக்குறைய முடியாத காரியம். ஆகவே பழங்காரின் உரிமையாளர் எதைக் காட்டிலும் அஞ்சியது, தம் கார் இந்தப் பந்தின் முன் நிற்க வேண்டிய நிலை வந்துவிடுமோ என்பதைத்தான்.

அந்த நிலை வருமா வராதா என்பதைத் தீர்மானித்தது ஸ்வான்சீ நகரில் இயங்கும் ஓட்டுநர் வாகன உரிமத் துறையின் புள்ளிக் கணக்காகும். கவுண்டி மன்றங்களிடம் சிதறிக்கிடந்த பதிவேடுகள் 1970களில் அங்கே ஒருங்கு சேர்க்கப்பட்டன. வயதையோ மூலத்தையோ உறுதிசெய்ய முடியாத வண்டிகளுக்குக் கியூ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண் 1983 முதல் வழங்கப்பட்டது. மாற்றியமைக்கப்பட்ட கார் தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ள, பதினான்கில் எட்டுப் புள்ளிகளேனும் பெற வேண்டும் என்பது 2025 வரை விதியாக இருந்தது. சேசிஸுக்கு, அல்லது சேசிஸும் கூடும் ஒன்றேயான மோனோகாக் உடலுக்கு, 5 புள்ளிகள், சஸ்பென்ஷன், ஆக்சில்கள், கியர்பாக்ஸ் உள்ளிட்ட விசைகடத்தி, ஸ்டியரிங் ஆகியவற்றுக்குத் தலா 2, எஞ்சினுக்கு 1. சேசிஸ் பழையதாகவோ, அதே வடிவில் புதிதாகச் செய்யப்பட்டதாகவோ இருக்கலாம். வெட்டப்பட்டதாகவோ வேறொரு பழைய வண்டியிலிருந்து கழற்றியதாகவோ இருக்கலாகாது. புள்ளிகள் போதாவிட்டால் ஐ.வி.ஏ. ஒப்புதலும் கியூ எண்ணும் மட்டுமே மிஞ்சின.

ஓட்டுகிறவருக்குக் காரின் உயிராகத் தோன்றும் எஞ்சினுக்கு ஒரே ஒரு புள்ளி என்பது முதற்பார்வைக்கு வியப்பளிக்கலாம். ஆனால் எஞ்சின் தேய்ந்து மாற்றப்படும் பொருள் என்பதையும், வண்டியின் எண் பொறிக்கப்பட்டிருப்பது சட்டகத்தில் என்பதையும் நோக்க, இக்கணக்கு பொருத்தமற்றதன்று. இதன் குறை வேறிடத்தில் உள்ளது. இந்த அட்டவணை பாதுகாப்பை அளக்கவே இல்லை. திருட்டையும் போலி அடையாளத்தையும் தடுக்கப் பதிவேட்டுத் துறை வகுத்த கணக்கு, நடைமுறையில் எந்தக் கார் கடும் பாதுகாப்புச் சோதனைக்குப் போகும், எது போகாது என்பதைத் தீர்மானிக்கும் வாயிற்காப்பாளனாகிவிட்டது. துருப்பிடித்த மூலச் சேசிஸுக்கு ஐந்து புள்ளிகள் கிடைத்தன. அதே சேசிஸை வெட்டி வலுப்படுத்தியவருக்கு அந்த ஐந்தும் போயின.

அடையாளம் என்பதை இவ்வாறு உறுப்புகளின் கூட்டுத்தொகையாகக் காண்பதற்கு மாறான பார்வையும் ஆங்கிலச் சட்டத்தில் உண்டு. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லெ மான் பந்தயத்தை வென்ற ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்னும் பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கார், பின்னர் எட்டு லிட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டு, 1932இல் புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையில் ஓட்டியவரின் உயிரைப் பறித்த விபத்துக்கு உள்ளாகி, வேறு கூட்டோடு மறுபடி கட்டப்பட்டது. ஒரு கோடி பவுண்டு விலை பேசப்பட்டு, இது அந்தக் காரே அன்று என்று வாங்குவோர் பின்வாங்கியபோது, 1990இல் வழக்கை விசாரித்த நீதிபதி ஆட்டன், 1929ஆம் ஆண்டின் உறுப்புகள் ஏறக்குறைய எதுவும் எஞ்சவில்லை என்பதை ஒப்புக்கொண்டபடியே, இடையறாத வரலாறு இருப்பதால் இது ஓல்ட் நம்பர் ஒன்தான் என்று தீர்ப்பளித்தார். கல் மாறினாலும் கோயில் மாறுவதில்லை என்று திருப்பணியில் நாம் கொள்ளும் நோக்கு இதற்கு அயலானதன்று. அந்தத் தீர்ப்பு விற்பனை ஒப்பந்தத்தைப் பற்றியது, பதிவெண்ணைப் பற்றியதன்று என்பது உண்மையே. ஆயினும் ஒரே நாட்டில், நீதிமன்றம் வரலாற்றைப் பார்க்க, அலுவலகம் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தது.

இதற்கிடையே எம்.ஓ.டி. சோதனை பின்வாங்கத் தொடங்கியது. 2012 நவம்பர் 18 முதல், 1960க்கு முன் செய்யப்பட்ட வண்டிகளுக்குச் சோதனை வேண்டியதில்லை என்று அரசு அறிவித்தது. உரிமம் பெற்ற வண்டிகளில் இவை 0.6 விழுக்காடு, விபத்துகளிலோ 0.03 விழுக்காடு மட்டுமே என்பது காட்டப்பட்ட காரணம். இவற்றின் உரிமையாளர்களில் மூன்றில் இரு பங்கினர் ஆண்டுக்கு 500 மைலுக்கும் குறைவாகவே ஓட்டுகிறார்கள் என்பதையும் அதே அரசுதான் சொன்னது. எனவே அந்தப் புள்ளிவிவரம் கார்களின் தகுதியைவிட அவை கொட்டகையில் கழிக்கும் காலத்தைப் பற்றியே மிகுதியாகப் பேசுகிறது என்று கொள்வதே நேர்மை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014/45 என்னும் நெறியாணை, வரலாற்று மதிப்புள்ள வண்டி என்பதற்குக் குறைந்தது முப்பது வயது, உற்பத்தி நின்றுபோன வகை, முதன்மை உறுப்புகளில் பெருமாற்றமின்றி மூலநிலையில் பேணப்படுதல் என மூன்று நிபந்தனைகளை வைத்து, அத்தகைய வண்டிகளுக்கு உறுப்புநாடுகள் சோதனையிலிருந்து விலக்களிக்கலாம் என்றது. இதே வரையறைக்கு அருகிலிருந்து ஜெர்மனி வேறு திசையில் போயிருந்தது. 1865இல் மான்ஹைம் நகரின் மதுவடிப்பாலை ஒன்றில் கொதிகலன் வெடித்ததைத் தொடர்ந்து மறு ஆண்டு உருவான ஆய்வுச் சங்கத்திலிருந்து வளர்ந்த டி.யூ.வி. போன்ற அமைப்புகளே அங்கு வண்டிகளைச் சோதிக்கின்றன. 1997இல் அறிமுகமான எச் எழுத்துப் பதிவெண், முப்பதாண்டு கடந்து நன்கு பேணப்பட்ட காருக்கு வரிச்சலுகை தருகிறது. கார் சாலைக்கு வந்த முதல் பத்தாண்டுகளில் வழக்கிலிருந்த மாற்றங்களை அக்காலத்துக்கு உரியவையாக ஏற்கிறது. ஆனால் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் சோதனையிலிருந்து அந்தக் காரை விடுவிப்பதில்லை. அடையாளத்துக்குப் பரிசு வரியில், தகுதிக்குக் கணக்கு தனியே. இரு கேள்விகளையும் கலக்காத இந்த ஏற்பாடே தெளிவானது.

பிரிட்டன் கலந்தது. கருத்துக் கேட்பில் பதிலளித்தவர்களில் பாதிக்கும் சற்று மேற்பட்டோர் எதிர்த்தபோதும், 2018 மே 20 முதல் நாற்பதாண்டு கடந்த கார்கள், முந்தைய முப்பதாண்டுகளில் பெருமாற்றம் செய்யப்படாதவையாயின், எம்.ஓ.டி. சோதனையிலிருந்து விடுபட்டன. வேறு வடிவச் சேசிஸ், சஸ்பென்ஷன் அல்லது ஸ்டியரிங் வகையின் மாற்றம், மூல எஞ்சின் குடும்பத்தைச் சேராத எஞ்சின் ஆகியவை பெருமாற்றம் எனப்பட்டன. உடனேயே விலக்குகளும் தொடர்ந்தன: மூல உறுப்பு கிடைக்காததால் செய்தது, உற்பத்திக் காலத்திலோ அது முடிந்த பத்தாண்டுக்குள்ளோ வழக்கிலிருந்தது, ஆக்சில் முதலிய ஓடும் பாகங்களில் பாதுகாப்புக்காகவோ திறனுக்காகவோ சுற்றுச்சூழலுக்காகவோ செய்தது ஆகிய மாற்றங்கள் கணக்கில் சேராது. டிரம் பிரேக்கை டிஸ்க் பிரேக்காக மாற்றியவர் இவ்வாறு காப்பாற்றப்பட்டார். இத்தனைக்கும் பிறகு, மாற்றம் பெரிதா சிறிதா என்று பார்ப்பது யார்? வி112 என்ற படிவத்தில் கையெழுத்திடும் உரிமையாளர்தான். அபாயமான நிலையில் வண்டியைச் சாலையில் ஓட்டுவது சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 40ஏ பிரிவின்கீழ் இன்றும் குற்றமே. ஆயினும் அந்த அபாயத்தை முன்கூட்டியே கண்டறிய வேண்டிய கண்கள் விலக்கப்பட்டுவிட்டன.

புள்ளிக் கணக்கை இறுதியில் அசைத்தது மின்மோட்டார். பழங்காரில் பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு மின்கலத் தொகுதியைப் பொருத்த உடற்கூட்டில் சிறு வெட்டு விழுந்தாலும் ஐந்து புள்ளிகள் போய்விடுமாகையால், மற்றெல்லாம் அப்படியே இருந்த கார்களும் கியூ எண்ணை எதிர்நோக்கின. 2024இல் கருத்துகளைக் கேட்ட உரிமத் துறை, 2025 ஆகஸ்டு 26 முதல் தன் கொள்கையை மாற்றியது. அதே வகை உறுப்புகளால் செய்யும் பழுதுபார்ப்பைத் தெரிவிக்க வேண்டியதில்லை என்றும், கட்டமைப்பில் பெரிதாக மாற்றப்பட்டவையும் மின்சாரத்துக்கு மாறியவையும் துறைக்குத் தெரிவித்துவிட்டுத் தம் மூல எண்ணையே தாங்கலாம் என்றும் ஆயிற்று. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நீதிமன்றம் வந்தடைந்த இடத்துக்கு அலுவலகமும் ஏறத்தாழ வந்து சேர்ந்தது. தகுதியைப் பற்றிய 1960ஆம் ஆண்டின் கேள்வியோ, நாற்பதாண்டு கடந்த கார்களைப் பொறுத்தவரை உரிமையாளரின் மனச்சாட்சியிடமே விடப்பட்டிருக்கிறது. விலக்குப் பெற்ற காரையும் விரும்பினால் சோதனைக்குக் கொண்டுபோகலாம். அதற்கான உச்சக் கட்டணம், 2010 முதல் மாறாமல், 54 பவுண்டு 85 பென்ஸ்.