லூதியானா சைக்கிளும் அதன் நற்பெயரும்

லூதியானா என்றதும் நம்மவர்களுக்கு ஸ்வெட்டர்தான் ஞாபகம் வரும். மாற்றலாகி இங்கே வந்த நான் முதலில் வாங்கியது சைக்கிள். கில் ரோடு பக்கம் போனால் கடைக்குக் கடை செயின், பெடல், ரிம், போக்ஸ் கம்பி! இந்த ஊர் எப்படிச் சைக்கிள் ஊர் ஆனது என்று தேடிப் படித்தேன். நம்மைப் போல ஊர்விட்டு வந்தவர்களின் கதை அது.

முஞ்சால் சகோதரர்கள் நால்வர். சொந்த ஊர் கமாலியா, இன்றைய பாகிஸ்தான் பஞ்சாபில் இருக்கிறது. 1944-இல் அமிர்தசரஸ் வந்து சைக்கிள் உதிரிபாக வியாபாரம் செய்தார்கள். 1947-இல் பிரிவினை. சொந்த ஊர் அந்நிய நாடாகிவிட்டது. பிறகு லூதியானாவில் கடை போட்டு, ஃபோர்க், ஹேண்டில்பார் என்று ஒவ்வொன்றாகச் செய்யப் பழகி, 1956-இல் முழுச் சைக்கிள் தயாரிப்பில் இறங்கினார்கள். முதல் வருடம் 639 சைக்கிள்!

நம் அம்பத்தூர் டிஐ சைக்கிள்ஸ் 1949-இல் தொடங்கியபோது இங்கிலாந்துக் கம்பெனி ஒன்று கூட்டாளியாக இருந்தது. முஞ்சால்களுக்குத் துணை லூதியானாவின் சின்னப் பட்டறைகளும், இரும்பு வேலையில் கைதேர்ந்த ராம்கடியா சீக்கியர்களும்தான். பாகங்கள் காலையில் வரும். அன்றன்றைக்கே வண்டியாகி லாரி ஏறும். சரக்கு தேங்காது, பணமும் முடங்காது. வங்கிக்காரன் கண்ணுக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். 1986-இல் உலகிலேயே அதிகமாகச் சைக்கிள் தயாரிக்கும் கம்பெனி என்று கின்னஸில் ஏறினார்கள்.

சரி, 'ஹீரோ' என்ற பெயர் எப்படி வந்தது? முஞ்சால் குடும்பத்தார் சொல்வது இது. அமிர்தசரஸில் கரீம் தீன் என்ற முஸ்லிம் நண்பர் அந்தப் பெயரில் சைக்கிள் சீட் செய்து வந்தார். பிரிவினையில் அவர் பாகிஸ்தான் கிளம்பினார். விடைபெற வந்தவரிடம் ஓம் பிரகாஷ் முஞ்சால், "அந்தப் பெயரை நாங்கள் வைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டாராம். அவரும் சரி என்றாராம். பஞ்சாப் முழுக்க வெட்டும் தீயுமாக இருந்த வருடம் அது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இன்றும் ஷிஃப்ட் நேரத்தில் ஃபோகல் பாயிண்ட் பக்கம் போனால் கறுப்பு உயரச் சைக்கிள்கள் சாரிசாரியாக வரும். ஹேண்டில்பாரில் சாப்பாட்டு டப்பா தொங்கும். ஓட்டுகிறவர்களில் பாதிப்பேருக்கு மேல் உத்தரப்பிரதேசம், பீகாரிலிருந்து வந்தவர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஜனவரிப் பனியிலும் அந்த வரிசை நிற்பதில்லை. ஞாயிறு காலை ஹெல்மெட்டும் கியர் வண்டியுமாக இன்னொரு கூட்டம் வரும். முதல் கூட்டத்துக்குச் சைக்கிள் பிழைப்பு, இரண்டாவதற்கு உடற்பயிற்சி. ஊரைத் தாங்குவது முதல் கூட்டம்தான்.

காமர்ஸ் படித்தவர்களுக்குத் தெரியும், 'குட்வில்'லைத் தமிழில் நற்பெயர் என்று எழுதுவோம். கணக்குப் புத்தகத்தில் அதற்கு ஒரு தொகை போட்டுவிடலாம். கரீம் தீன் விட்டுப்போன பெயருக்கு எந்தத் தொகையைப் போடுவது?