கணனி நேரமும் அதன் விலையும்

ஒரு நிறுவனத்தினுள் பலருக்கும் பொதுவான வளத்தை எவருக்கு எவ்வளவு வழங்குவது என்னும் வினா, கணனியின் வருகையோடு புதிய வடிவம் பெற்றது. 1960களில் கணனி பெரும் பொருட்செலவில் பெறப்பட்ட பொறியாக இருந்தமையால், ஒன்றையே பலரும் பங்கிட்டுக்கொள்ள நேர்ந்தது.

மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பெர்னாண்டோ கோபற்றோவின் குழுவினர் 1961இல் நேரப்பகிர்வு முறையைச் செய்துகாட்டினர். அங்கு பயன்படுத்துவோருக்குக் குறித்த அளவு நேரமே ஒதுக்கப்பட்டது. அது போதாதெனக் கண்ட ஆய்வாளர் ஒருவர், 1962இல் கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிடுவித்துப் பிறர் கணக்கிற் பணியாற்றினார். தேவைக்கு இயையாத ஒதுக்கீடு மீறப்படும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

ஹாவாட் பல்கலைக்கழகத்தில் வேறொரு வழி கையாளப்பட்டது. ஐவன் சதலண்ட் 1968இல் வெளியிட்ட கட்டுரை அதனை விளக்குகின்றது. பயன்படுத்துவோருக்கு 'யென்' எனப் பெயரிட்ட கற்பனை நாணயம் வழங்கப்பட்டது. முக்கியமான பணிகளுக்குக் கூடிய தொகை கிடைத்தது. வருநாட்களுக்குரிய நேரத்தை அவர்கள் ஏலத்திற் கேட்டுப் பெற்றனர். கேள்வி மிகுந்த வேளையில் விலை ஏறியது. குறைந்த வேளையில் இறங்கியது. செலவிட்ட யென், குறித்த நேரம் கழிந்ததும் உரியவருக்கே மீண்டமையால், மாதாந்த ஒதுக்கீட்டால் விளையும் ஏற்றத்தாழ்வு தவிர்க்கப்பட்டது.

டாட்மத் கல்லூரியோ இதற்கு நேர்மாறான பாதையிற் சென்றது. 1964இல் அங்கு நேரப்பகிர்வை நிறுவிய ஜோன் கெமனியும் தோமஸ் கேட்ஸும், கணனி நூலகம் போல மாணவர் அனைவருக்கும் கட்டணமின்றித் திறந்திருத்தல் வேண்டும் எனக் கொண்டனர். நூல் எடுக்கும் மாணவனிடம் எவரும் விலை கேட்பதில்லை என்பதே அவர்தம் கொள்கையின் உட்பொருள். எனினும் இங்கும் செலவு மறைந்துவிடவில்லை. தேசிய விஞ்ஞான மன்றத்தின் நிதியுதவியும் கல்லூரியும் அதனைத் தாங்கின.

இவற்றுள் எது நீதியானது? பயன்படாது கழிந்த கணனி நேரத்தைச் சேமித்துவைத்தல் இயலாது. ஆதலின், பொறி வாளாவிருக்கும் வேளையிலும் கட்டணத்தால் ஒருவரைத் தடுப்பது செலவை மீதப்படுத்தாது; அறிவு முயற்சியொன்றையே இழக்கச்செய்யும். மறுபுறம், நெருக்கடி வேளையில் விலையோ வேறு ஒழுங்கோ இல்லையெனின் முந்தியவரே பயன் பெறுவர். ஹாவாட் முறை இவ்விரண்டையும் உணர்ந்திருந்தது. ஆயினும், யாருக்கு எத்தனை யென் என்பதைச் சந்தை தீர்மானிக்கவில்லை, நிருவாகமே தீர்மானித்தது.

எனவே, நிறுவனத்தினுள் விதிக்கப்படும் கட்டணம் வெறும் கணக்கியற் கருவியன்று. எவருடைய பணி முதன்மையானது என்னும் தீர்ப்பு அதனுள் அடங்கியுள்ளது. தொலைவிலுள்ள கணனிகளை மணிக்கணக்கில் வாடகைக்குப் பெறும் இந்நாளிலும், அத்தீர்ப்பை வழங்குவோர் யார் என்னும் வினா மாறவில்லை.