தோற்றமும் பொருளும்: கவச வரலாற்றில் ஒரு நோக்கு

கவசம் என்பது உயிர் காக்கும் ஆடை. அது எவ்வாறு தோன்றுகிறது என்பதைவிட எதனால் ஆனது என்பதே அதனை அணிந்தவனுக்கு முதன்மையானது. ஆயினும் பண்டைக் கவசங்களுள் பெரும்பாலானவை துருவேறி அழிந்துவிட்டமையால், ஓவியம், சிற்பம், பாடல் ஆகியவற்றின் வழியாகவே அவற்றை நாம் அறிகிறோம். இவை தோற்றத்தைக் காட்டுவன. பொருளைக் காட்டுவன அல்ல. தோற்றத்தைக் கொண்டு பொருளை முடிவு செய்தவர்கள் எவ்வாறு பிழைபட்டனர் என்பதை இங்கே சிறிது ஆராய்வோம்.

இன்றைய இளைஞர் பலர் கவசங்களின் பெயர்களை முதலில் அறிவது கற்பனைப் பாத்திர விளையாட்டுகளின் வாயிலாகவே. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகைக்கு முன்னோடி. 1978இல் வெளியான அதன் விதிநூலில் 'குமிழ் பதித்த தோற்கவசம்' என ஒரு வகை இடம்பெற்றது. தோலின் மீது உலோகக் குமிழ்களைப் பதித்தால் வாள்வீச்சைத் தாங்கும் வலிமை கூடிவிடுமா? கூடாது. ஐரோப்பாவில் வழங்கிய ஒருவகைக் கவசத்தில், துணி அல்லது தோலின் உட்புறத்தில் இரும்புத் தகடுகள் வரிசையாக வைத்துத் தறையப்பட்டிருந்தன. வெளியே தெரிந்தவை அத்தறையாணிகளின் தலைகள் மட்டுமே. தலையைக் கண்டவர்கள் தகட்டைக் காணாததால் இல்லாத ஒரு கவசம் பிறந்தது என ஆய்வாளர் கருதுவர்.

இப்பிழைக்கு முன்னோர் உண்டு. ஆங்கில அறிஞர் சாமுவேல் ரஷ் மெய்ரிக் 1824இல் வெளியிட்ட பெருநூலில், பழைய ஓவியங்களிலும் கல்லறைச் சிற்பங்களிலும் கண்ட கோடுகளையும் வட்டங்களையும் கொண்டு வளையக் கவசத்தைப் பலவாகப் பகுத்துப் பெயரிட்டார். அவற்றுட் பல, ஒரே வகை வளையக் கவசத்தை வெவ்வேறு கலைஞர் வெவ்வேறு முறையில் தீட்டியதன் விளைவே எனப் பின்வந்தோர் தெளிவுபடுத்தினர். ஆயினும் பெயர்கள் நிலைத்துவிட்டன. அவற்றுட் சில விளையாட்டு நூல்களிலும் குடியேறின.

வளையக் கவசத்தின் உண்மை அதன் செய்முறையில் உள்ளது. திருக்குர்ஆனில் ஸபா அத்தியாயம் (34:10-11), தாவூத் நபி (அலை) அவர்களுக்கு இரும்பு மென்மையாக்கப்பட்டதையும், கவசம் செய்கையில் கண்ணிகளை அளவாக அமைக்குமாறு அவர்கள் பணிக்கப்பட்டதையும் கூறுகிறது. அளவு பற்றிய இக்குறிப்பு நம் கருத்துக்குரியது. ஒவ்வொரு வளையமும் நான்கு வளையங்களுடன் கோக்கப்பட்டு, முனைகள் தட்டையாக்கித் துளையிடப்பட்டுத் தறையப்படும். வளையம் பெரிதானால் அம்புமுனை நுழையும். சிறிதானால் எடை மிகும். தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு இவ்வேறுபாடு புலப்படுவதில்லை.

சில கவசங்கள் கவசமாகத் தோன்றவே இல்லை. சிரியாவின் ஷைஸரைச் சேர்ந்த உஸாமா இப்னு முன்கித் (ஹிஜ்ரி 488-584, கி.பி. 1095-1188) தம் நினைவுநூலில் தமது 'கஸாகந்த்' என்னும் மேலங்கியைப் பற்றி எழுதியுள்ளார். அதனுள் பிராங்கியர் வளையக் கவசம் ஒன்றும், அதன்மேல் இடைவரை எட்டும் மற்றொன்றும் இருந்தன; கம்பளம், முரட்டுப் பட்டு, முயல்மயிர் ஆகியவையும் வைத்துத் தைக்கப்பட்டிருந்தன. பார்ப்பவருக்கு அது வெறும் தடித்த அங்கி. ஹிஜ்ரி 571இல் (கி.பி. 1176) அஸாஸ் முற்றுகையின்போது சுல்தான் ஸலாஹுத்தீன் கொலைஞர் கத்திக்குத் தப்பியது, உடைக்குள் மறைந்திருந்த இத்தகைய காப்பினாலேயே.

இந்தியாவிலும் இந்நிலையைக் காண்கிறோம். 'சில்தா ஹஸார் மாஷா', அதாவது ஆயிரம் ஆணி அங்கி, மென்பட்டுத் துணியின் மீது பொன்முலாம் பூசிய சிற்றாணிகள் நிரைநிரையாகப் பதிக்கப்பட்டது. விளையாட்டு நூல் கற்பித்த குமிழ்க் கவசம் உலகில் எங்கேனும் உண்டெனில் அது இதுவே எனத் தோன்றும். ஆனால் இதன் காப்பு, உள்ளே அடுக்கிய துணித் திணிப்பிலும், சிலவற்றில் மேலே பொருத்திய எஃகுத் தகடுகளிலுமே அமைந்தது; ஆணிகள் பெரும்பாலும் அழகுக்காகவே. இரும்பும் பித்தளையுமான வளையங்களை மாறிமாறிக் கோத்துக் கட்டங்கள் அமைத்த கவசங்கள் பொன் கலந்தவை போல் மின்னின. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்பு சுல்தானுடையவை என இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்ட காப்புடைகளுள், உலோகமே தலைதூக்காத, பல மடித் துணியால் தைத்த தலைக்காப்பும் உண்டு.

சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவின் துணைவியார் என்ரியட்டா 1801இல் தம் நாட்டுக்குக் கொண்டு சென்ற யானைக் கவசம் இன்று லீட்ஸ் நகர அரச படைக்கலக் காட்சியகத்தில் உள்ளது. எஞ்சியுள்ள 5,840 தகடுகளின் எடை 118 கிலோ. முழுமையாக இருந்தபோது 8,439 தகடுகளும் 159 கிலோ எடையும் கொண்டிருந்ததெனக் கணித்துள்ளனர். எண்ணியும் நிறுத்தும் பெற்ற இவ்விவரத்தை எந்தச் சிற்றோவியமும் நமக்குத் தந்திராது.

நம் பழந்தமிழிலும் இச்சிக்கல் உண்டு. புறநானூற்றின் 13ஆம் பாடலில் முடமோசியார் சோழனின் கவசத்தைப் புலியின் நிறமுடையதாகக் காட்டுகிறார். பழைய உரைகாரர் அதனைப் புலித்தோலால் ஆனதெனக் கொள்கிறார். புலவர் தந்தது தோற்றம். உரைகாரர் சேர்த்தது பொருள். அவ்வுரை ஏற்கத்தக்கதே எனினும், இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் நம் கடமை.

தோற்றமே பொருளை அறிவிக்கும் இடமும் ஒன்றுண்டு. கலீஃபா முஃதஸிமுக்காக (கி.பி. 833-842) அல்-கிந்தி எழுதிய வாள்கள் பற்றிய நூல், எஃகின் மேற்பரப்பில் ஓடும் நீரலை போன்ற வரிகளைக் கொண்டு வாள்களை இனம் பிரித்தது. கொடுமணல், மேல்சிறுவளூர் போன்ற தமிழக ஊர்கள் தடயம் தரும் மூசை உருக்கு எஃகில் அவ்வரிகள் உள்ளிருந்தே எழுபவை. கார்பைடு அடுக்குகளின் வெளிப்பாடு. எனினும் இதே அலையை அமிலத்தால் பொறித்து ஏமாற்றிய போலிகளும் பிற்காலத்தில் தோன்றின.

இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இப்பாடம் நாள்தோறும் நடைபெறுகிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியின் உலைகளில் பழைய இரும்பு உருகி, ரோலிங் மில்களில் கட்டடக் கம்பியாகிறது. கம்பியின் மேல்வரி எல்லாவற்றிலும் ஒன்றுபோலவே தோன்றும். எஃப்.இ. 500 தரக் கம்பி சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்தது 500 நியூட்டன் விசையைத் தளராமல் தாங்க வேண்டும். அதனை இழுத்துப் பார்த்தே உறுதி செய்வர். அதே மாவட்டத்து ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை 1965 முதல் கவச ஊர்திகளைச் செய்துவருகிறது. அங்கு உருவாகும் அர்ஜுன் டாங்கியின் 'காஞ்சன்' கூட்டுக் கவசம் எஃகுத் தகட்டின் பின்னே மறைந்திருப்பது. அவ்வூரின் படையுடைத் தொழிற்சாலையில் தைக்கப்படும் குண்டு துளைக்காத அங்கியும் வெளியே துணியே. உஸாமாவின் கஸாகந்துக்கும் இதற்கும் இடையே எண்ணூறு ஆண்டுகள் கடந்தும் முறை ஒன்றே.

கற்பனை விளையாட்டில் கவசம் பிழையாக வரையப்பட்டால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அப்பிழை வரலாறாக நிலைபெறும்போது, வளையங்களை அளந்து கோத்தவரும் பஞ்சை அடுக்கித் தைத்தவரும் மூசையில் எஃகு உருக்கியவரும் மறக்கப்படுகின்றனர். மேலே மின்னும் ஆணி மட்டுமே நினைவில் நிற்கிறது. ஓவியத்தைக் கண்டு வியப்பதோடு நில்லாமல், உள்ளிருப்பது யாது, அதனைச் செய்தவர் யாவர் என வினவுவோமாயின், அக்கைகளுக்கு நாம் செலுத்த வேண்டிய கடனில் ஒரு பங்கேனும் தீரும்.