பளபளக்காத கப்பலுக்கு 'டாஸில்' என்று ஏன் பெயர்?



பல வருஷங்களுக்கு முன்னால் பத்தாம் வகுப்பில் 'டாஸில்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் 'கண் கூசச் செய்தல்' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சார், லைப்ரரி புக்குல ஒரு கப்பல் படம் பார்த்தேன். மேல வரிவரியா பெயிண்ட் அடிச்சிருக்கு. கீழ டாஸில் கப்பல்னு போட்டிருக்கு. அது பளபளக்கவே இல்லையே சார்?" என்றான். எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்ல மனமும் வரவில்லை. "பாடத்தைக் கவனி" என்று உட்கார வைத்துவிட்டேன். அந்தக் கடனை இன்று அடைக்கிறேன்.

முதல் உலகப் போர். 1917 பிப்ரவரியிலிருந்து ஜெர்மன் நீர்மூழ்கிகள் எச்சரிக்கை இல்லாமலே வணிகக் கப்பல்களை மூழ்கடிக்கத் தொடங்கின. ஏப்ரல் மாதத்தில் மட்டும் 8 லட்சம் டன்னுக்கு மேல் கப்பல்கள் போயின. தீவு நாடான பிரிட்டனுக்குக் கப்பல் வராவிட்டால் சோறு இல்லை.

அப்போது நார்மன் வில்கின்சன் என்ற ஓவியர் ஒரு யோசனை சொன்னார். கடல் காட்சிகளை வரைபவர், கடற்படையிலும் பணியாற்றியவர். நடுக்கடலில் வெளிச்சமும் வானமும் மாறிக்கொண்டே இருக்கும்; எந்த நிறம் அடித்தாலும் கப்பலை மறைக்க முடியாது. ஆகவே மறைக்க வேண்டாம், குழப்புவோம் என்றார் அவர்.

டார்பிடோவை விடுபவன் கப்பல் இப்போது இருக்கும் இடத்தைக் குறி வைப்பதில்லை. டார்பிடோ போய்ச் சேரும் நேரத்தில் கப்பல் எங்கே இருக்கும் என்று கணித்து அங்கே விடுகிறான். அதற்குக் கப்பலின் திசை, வேகம், தூரம் மூன்றும் வேண்டும். பெரிஸ்கோப்பில் சில விநாடிகள் பார்த்து இவற்றை மதிப்பிட வேண்டும். கறுப்பு, வெள்ளை, நீல வரிகள் கோணல்மாணலாக ஓடினால் முன்பக்கம் எது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண் தடுமாறும். லண்டன் ராயல் அகாதமியில் ஒரு பிரிவு அமைத்து, சிறிய மாதிரிக் கப்பல்களுக்கு வண்ணம் பூசி, பெரிஸ்கோப் வழியாகவே சோதித்தார்கள். அங்கே பெண் ஓவியர்கள் பலர் வேலை செய்தார்கள். 2,000க்கும் மேற்பட்ட கப்பல்கள் இப்படி வேஷம் கட்டின.

இப்போது சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'டேஸ்' என்றால் திகைக்க வைப்பது. அதன் வேர் பழைய நார்ஸ் மொழியில், சோர்ந்து போவதைக் குறித்த சொல். ஒரு செயல் திரும்பத் திரும்ப நடப்பதைக் காட்ட ஆங்கிலத்தில் ஒரு விகுதி உண்டு. 'ஸ்பார்க்' என்பது 'ஸ்பார்க்கிள்' ஆனதும், 'கிராக்' என்பது 'கிராக்கிள்' ஆனதும் அப்படித்தான். அதேபோல 'டேஸ்' என்பதிலிருந்து 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'டாஸில்' பிறந்தது. கண் மங்கித் தடுமாறுவதுதான் அதன் பொருள். அதிக வெளிச்சம் அதற்கு ஒரு காரணம், அவ்வளவே. பிறர் அசந்துபோகும்படி ஜொலிப்பது என்ற பொருள் பிறகு வந்து சேர்ந்தது. நான் காரணத்தை மட்டும் சொல்லிக் கொடுத்து, விளைவை விட்டுவிட்டேன்.

அந்த வரிகள் உயிர்களைக் காத்தனவா? 1918இல் பிரிட்டிஷ் கடற்படை ஆராய்ந்தபோது தெளிவான பலனை நிரூபிக்க முடியவில்லை. கப்பல்கள் துணைக்காவலோடு கூட்டமாகப் போகத் தொடங்கியதும் அதே சமயம்தான். ஆனால் மாலுமிகளுக்குத் தைரியம் கூடியிருந்தது. அதற்காகவே தொடரலாம் என்றார்கள். நாளை கரை சேருவோமா என்று தெரியாதவனுக்கு அந்தத் தைரியம் சின்ன விஷயம் இல்லை.

கடைசி பெஞ்சு தம்பி, இன்று நீயும் நரை கண்டிருப்பாய். உன் கேள்வி சரியானது. உட்கார வைத்தது என் தவறு. இதைப் படித்தால் கீழே ஒரு வரி எழுது.

அன்புடன்,
உங்கள் இங்கிலீஷ் சார்