குடிக்கூலியும் முன்பணமும்

பொதட்டூர்பேட்டைக்குச் செல்வோரின் செவியில் முதலில் விழுவது தறியோசை. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லைகள் திருத்தப்பட்டபோது, ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணியோடு சேர்ந்து தமிழகத்துக்கு வந்த நிலப்பகுதியில் உள்ள நெசவூர் இது. இங்கே பல குடும்பங்களுக்கு வீடு உறங்குமிடம் மட்டுமன்று, தொழிற்கூடமும் அதுவே. தறி நிற்கும் கூடத்தை இழந்தவர் கூரையையும் கூலியையும் ஒரே நாளில் இழக்கிறார்.

அவர் மீண்டும் ஒரு வீட்டில் குடிபுக என்ன வேண்டும்? மாதக் குடிக்கூலியை உழைத்துக் கட்டிவிடலாம். வாசலில் அவரைத் தடுத்து நிறுத்துவது அட்வான்ஸ் என்று நாம் எல்லாரும் வழங்கும் முன்பணம். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், நியாய வாடகை நிர்ணயமான கட்டடத்துக்கு ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறலாகாது என்றது. அச்சட்டம் நடைமுறையில் இருந்த காலத்திலேயே சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது வழக்கமாகி வேரூன்றியது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் மூன்று மாத வாடகையை அளவாகக் குறித்தது. மூன்று மாதமே ஆயினும், நடைபாதையில் படுத்தெழும் ஒருவருக்கு அது எட்டாத தொகையே. அன்றாடம் உண்டு, உடுத்து, மிஞ்சியதைச் சேர்க்கலாம் என்றால், பணத்தைப் பூட்டிவைக்க அவருக்கு ஒரு கதவு வேண்டுமே!

நாம் பழகிய தருமம் துளித்துளியானது. ஒரு வேளைச் சோறு, ஒரு போர்வை, உண்டியலில் ஒரு நாணயம். இவை இன்றியமையாதவைதாம்; ஆனால் துளிகள் எத்தனை விழுந்தாலும் ஒருவர் கையில் முன்பணமாகத் திரள்வதில்லை. மீரா நகர ஆயர் புனித நிக்கோலாவைப் பற்றி வழங்கும் மரபுக்கதை இதை நுட்பமாக உணர்த்துகிறது. வரதட்சணைக்கு வழியற்ற ஏழைத் தந்தையின் மூன்று மகளிருக்காக, அவர் இரவில் பொற்கிழிகளைச் சன்னல் வழியே எறிந்தார் என்பர். அவர் அப்பம் அனுப்பவில்லை. அக்குடும்பத்தின் நிலையையே மாற்றப் போதுமான முழுத்தொகையை அளித்தார். இக்கதையைக் கிறிஸ்துமஸ் தாத்தாவோடு முடித்துக்கொள்வது நமக்கு எளிதாயிருக்கிறது.

தனியொருவரின் பொற்கிழி ஓரிரவில் தீர்ந்துவிடும். தீராத கிழி ஒன்றை உருவாக்க இத்தாலியப் பிரான்சிஸ்கன் துறவிகள் முயன்றனர். 1462இல் பெருஜியா நகரில் அவர்கள் ஊக்கத்தால் தோன்றிய 'இரக்க நிதி', ஏழைகளுக்கு அடகின்பேரில் சிறு கடன் தந்தது. நிர்வாகச் செலவுக்குச் சிறு தொகை பெறுவது வட்டிப் பாவமாகாதா என்று பல்லாண்டுகள் கடும் வாதம் நடந்தது. ஐந்தாம் லாத்தரன் சங்கம் 1515இல், திருத்தந்தை பத்தாம் சிங்கராயரின் ஆணையால், அது பாவமன்று எனத் தீர்த்தது. கொடுத்த பணம் திரும்பி வரலாம், வந்தபின் மற்றொரு ஏழையிடம் செல்லலாம் என்பதற்குத் திருச்சபையின் இசைவு கிட்டிற்று.

வீட்டு வாடகைக்கே இம்முறை வந்தது பாரிசில். 1833இல் பிரெடரிக் ஓசானாம் தம் தோழர்களோடு தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையினர், ஏழைகளின் இல்லம் தேடிச் சென்றனர். அந்நாளில் அந்நகரில் வாடகை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகச் செலுத்தப்பட்டது. தவணை நாள் நெருங்கினால் ஏழைக் குடும்பங்களுக்கு அடிவயிறு கலங்கும். எனவே சபையினர் 'வாடகை நிதி' அமைத்தனர்: குடும்பத்தார் சிறுகாசுகளைச் செலுத்திவர, தவணை நாளில் சபை தன் பங்கையும் சேர்த்துத் தந்தது. ஏழையின் காசு முதலில், கொடையாளரின் காசு அதன்மேல். இவ்வரிசைமுறையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அதே நகரில் 1954ஆம் ஆண்டின் கொடுங்குளிரில், வாடகை கட்டாததால் வெளியேற்றப்பட்ட பெண்ணொருத்தி, வெளியேற்ற ஆணையைக் கையில் பற்றியபடியே தெருவில் உறைந்து மாண்டாள். பிப்ரவரி 1 அன்று அபே பியேர் என்னும் குரு இதனை வானொலியில் அறிவித்து உதவி வேண்ட, பணமும் போர்வைகளும் வந்து குவிந்தன; பாராளுமன்றமும் அவசரக் குடியிருப்புகளுக்கு நிதி ஒதுக்க நேர்ந்தது. அவரால் பெண்கள் பலர் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக 2024இல் வெளிவந்த சாட்சியங்களையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அவர் பெயர் தாங்கிய அறக்கட்டளை பெயரையே மாற்றிக்கொண்டது. எனினும் வீடற்றோரின் வழக்கு அவரோடு வீழ்ந்துவிடவில்லை. 1990 மே 31இன் பிரெஞ்சுச் சட்டம், ஏழைகள் வாடகை வீட்டில் குடியேறத் தேவையான முன்பணத்தைக் கடனாகவோ கொடையாகவோ வழங்க, ஒவ்வொரு மாவட்டத்திலும் குடியிருப்பு நிதி அமைத்தது.

நம் மண்ணும் திரள்நிதியை அறியாததன்று. வணிகர்கள் விற்பனையில் ஒரு சிறு கூறு ஒதுக்கிப் பள்ளியும் சத்திரமும் நடத்திய மகமை இருந்தது. ஐரோப்பியக் கிராம வங்கிகளை ஆராய்ந்து பிரெடரிக் நிக்கல்சன் 1890களில் சென்னை அரசுக்கு அளித்த அறிக்கையின் வழியில், 1904இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அவ்வாண்டே திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றிற்று. பொதட்டூர்பேட்டை இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்தான் திரூர். பயிருக்கும் நூலுக்கும் தறிக்கும் கடன் தரும் சங்கங்கள் பின்னர்ப் பெருகின. ஆனால் இவை பெரும்பாலும் நிலமோ நகையோ பிணையாளோ உள்ளவரையே நம்பின. குடியிருக்கும் முகவரியே இல்லாதவர் எந்தச் சங்கத்தில் உறுப்பினராவார்?

இவ்விடத்தில்தான் பங்குகளின் வின்சென்ட் தே பவுல் சபையும் அன்பியங்களும் செய்யத்தக்கது ஒன்றுண்டு. முன்பணம் செலவாகும் பணமன்று. வீட்டுக்காரரிடம் உறங்கும் பணம். குடியிருப்பவர் காலி செய்யும்போது வெள்ளையடிப்புக்கும் நிலுவைக்கும் கழித்ததுபோக மீதி திரும்பி வரும். ஆகவே நான்கு குடும்பங்களுக்குப் போதுமான தொகை, ஆண்டுகள் செல்லச்செல்ல இன்னும் பலருக்கு வாசல் திறக்கும். கடைசி மாதங்களின் வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொள்ளும் வழக்கத்தால் நிதி தேயும் என்பதும் உண்மையே. பாரிசில் செய்ததுபோல், குடும்பத்தாரும் மாதந்தோறும் சிறு தொகை சேர்த்துவந்தால் அத்தேய்வு ஈடாகும்.

எஞ்சுவது ஒரு கேள்வி: முன்பணத்துக்கான ரசீது யார் பெயரில் இருக்கவேண்டும்? சபையின் பெயரில் எழுதினால் பணத்துக்குக் காப்பு. ஆனால் வீட்டுக்காரரும் அண்டைவீட்டாரும் அக்குடும்பத்தைத் தருமத்தில் வாழ்வோராகவே காண்பர். ஒப்பந்தமும் ரசீதும் குடியிருப்பவரின் பெயரிலேயே அமைவதும், திருப்பித் தரும் உறுதியை அவர் சபைக்குத் தனித்தாளில் எழுதித் தருவதுமே தக்கது என்பது என் எண்ணம். அத்தாளை வீட்டுக்காரர் பார்க்கவேண்டிய தேவையில்லை.